ஒரகடத்தில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த கையோடு, 2023-இல் ஒரகடம் பக்கத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். ஓராண்டுப் பயிற்சியை முடித்துவிட்டு, பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்ந்து இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஓராண்டு எனக்குத் துணையாக இருந்தவர்களுக்கு இந்த மடல். கம்பெனி பெயரையும் உங்கள் பெயர்களையும் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவர்களின் பெயர் வெளியே வந்தால் சங்கடம் அவர்களுக்குத்தான். படிக்கும்போது யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதல் நன்றி எங்கள் பாலிடெக்னிக் மேடத்துக்கு. அப்ரண்டிஸ் சட்டம் என்று ஒன்று 1961-லிருந்தே இருக்கிறது, டிப்ளமோவும் பி.இ.யும் முடித்தவர்களுக்குக்கூட அதன் கீழ் பயிற்சி உண்டு என்பதெல்லாம் எங்கள் வகுப்பில் பலருக்குத் தெரியாது. ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தோம். மேடம்தான் எங்களைக் கம்ப்யூட்டர் லேபில் உட்கார வைத்துப் பதிவுசெய்ய வைத்தார். ஆதாரில் ஒரு மாதிரியும் மதிப்பெண் பட்டியலில் வேறு மாதிரியும் இனிஷியல் இருந்தவர்களுக்கு அதைத் திருத்தவும் வழிசொன்னார். சென்னை தரமணியில் உள்ள தொழிற்பயிற்சி வாரியத்துக்கு நேர்காணலுக்கு வரச்சொன்னபோது, பெண்ணைத் தனியாக அவ்வளவு தூரம் அனுப்புவதா என்று தயங்கிய அப்பாவிடம் பொறுமையாகப் பேசியவரும் அவர்தான். அப்பா, அன்றைக்கு நீங்கள் சரி என்று சொன்னதற்கும் நன்றி. அது உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அப்போது டிப்ளமோ முடித்தவர்களுக்குச் சட்டப்படி குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 8,000 ரூபாய். அதில் பாதியை ஒன்றிய அரசு ஏற்றுக்கொள்ளும். வாடகையும் சாப்பாடும் போனால் கையில் அதிகம் நிற்காது. அட்வான்ஸைத் தவணையாக வாங்கிக்கொண்ட வீட்டுக்கார அம்மாவும், மாதக் கடைசியில் கணக்குப் பார்க்காமல் சமைத்துப் போட்ட அறைத் தோழிகளும் இல்லையென்றால் பாதியிலேயே ஊர் திரும்பியிருப்பேன். முதல் ஷிஃப்டுக்கு விடியும் முன்பே கிளம்ப வேண்டும். நான் தெருமுனைக்கு வந்து சேரும்வரை வண்டியை நிறுத்தி, உள்ளே விளக்கையும் போட்டுவைத்த பஸ் டிரைவர் அண்ணனுக்கு எங்கள் வீட்டில் எல்லோருமே கடன்பட்டிருக்கிறோம்.

இனி அக்கா. கணினிக் கட்டளைப்படி உலோகத்தைக் குடையும் சி.என்.சி. மெஷின் ஓட்டும் என் வந்தவாசி அக்கா.

என்னைத் தர ஆய்வில் போட்டிருந்தார்கள். ஹவுசிங் என்கிற அலுமினியக் கூடு ஒன்றில், சுழலும் தண்டைத் தாங்கும் 6201 என்ற எண்ணுள்ள பேரிங் உட்காரும் துளையைப் பார்ப்பது என் வேலை. துளையின் விட்டம் 32.000-லிருந்து 32.025 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு; அந்த 25 மைக்ரான் இடைவெளி நம் தலைமுடியின் கனத்தில் பாதிகூட வராது. அக்கா ஒரு நாள், மெஷினிலிருந்து எடுத்த சூட்டோடு ஒரு பீஸை என் கையில் கொடுத்து அளக்கச் சொன்னார். துளையை அளக்கும் போர் கேஜ் 32.027 காட்டியது. அளவு தாண்டிவிட்டது, ரிஜெக்ட். அதே பீஸை மேசைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கக் கூட்டிப் போனார். திரும்பி வந்து அளந்தால் 32.020. நல்ல பீஸ்.

"சூடா இருந்தா பெருசாத்தான் காட்டும் பாப்பா. ஆற விட்டு அள" என்றார்.

ஒரு மீட்டர் அலுமினியம், வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் சுமார் 23 மைக்ரான் நீளும் என்று புத்தகத்தில் படித்துப் பரீட்சையும் எழுதியிருக்கிறேன். அந்தக் கணக்குப்படி 32 மில்லிமீட்டர் துளை, பத்து டிகிரி சூடு ஏறினால் சுமார் ஏழு மைக்ரான் விரியும். பீஸ்களைத் துல்லியமாக அளக்கும் அளவியல் அறையை 20 டிகிரியிலேயே வைத்திருப்பதும் இதனால்தான். ஆனால் இதில் பெரிய ஆபத்து எந்தப் பக்கம் என்று அக்கா சொல்லித்தான் புரிந்தது. சூட்டில் 32.004 காட்டித் தேறிவிடும் பீஸ், ஆறியதும் 31.997-க்கு இறங்கிவிடும். அசெம்பிளியில் பேரிங்கை அழுத்தும்போதுதான் தெரியும். நல்லதைத் தள்ளினால் ஒரு பீஸ் நஷ்டம். கெட்டதை விட்டுவிட்டால் அது யாரோ ஒருவருடைய காரில் போய் உட்கார்ந்துவிடும்.

மெஷினில் உலோகத்தை வெட்டும் முனையான இன்சர்ட் மழுங்குவதை அவர் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். எனக்கும் சொல்லிக்கொடுத்தார். முதலில் எல்லாம் ஒரே இரைச்சலாகத்தான் கேட்டது. போகப்போக, துளையின் முடிவில் லேசாக ஒரு கீச்சல் கூடுவது எனக்கும் பிடிபட்டது. தனக்கு அன்றைய எண்ணிக்கை ஏற வேண்டிய நேரத்தை எடுத்துத்தான் எனக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தார். அதற்கு யாரும் அவருக்குத் தனியாகச் சம்பளம் கொடுக்கவில்லை.

ஷிஃப்ட் இன்சார்ஜ் சாருக்கும் சொல்ல வேண்டும். டூல் மாற்றியபின் வரும் முதல் பீஸைத் தர ஆய்வு ஒப்புக்கொண்டால்தான் லைன் ஓடும். டிஸ்பாட்ச் லாரி வாசலில் நின்றுகொண்டிருந்த ஒரு நாளில் முதல் பீஸ் தேறவில்லை. கையெழுத்துப் போடு, அடுத்த பீஸில் சரியாகிவிடும் என்று சுற்றி நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். சார் வந்து கேஜைப் பார்த்தார். "அவங்க ரிஜெக்ட்னா ரிஜெக்ட்தான். டூல் ஆஃப்செட்டை மாத்துங்க" என்று எல்லோர் முன்பும் சொன்னார். டூல் வெட்டும் நிலையை மெஷினில் திருத்தச் சொன்னார். சார், அப்ரண்டிஸ் பெண்ணின் சொல்லுக்கு நீங்கள் கொடுத்த அந்த மரியாதைதான் என்னை இந்தத் துறையிலேயே இருக்க வைத்தது. வேறு இடங்களில் சேர்ந்த என் வகுப்புத் தோழர்கள் சிலர் ஆண்டு முழுக்கப் பெட்டி அடுக்கினார்கள். லைனில் ஆள் குறையும் இடத்தில் போய் நின்றார்கள். கடைசியில் அவர்களுக்கும் இதே சான்றிதழ்தான். கற்றுக்கொடுக்க மனமுள்ளவர்கள் கிடைப்பது ஓர் அப்ரண்டிஸின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது.

அப்புறம், அளவியல் அறை சார். என் பயிற்சிக் குறிப்பேட்டை முழுசாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்ட ஒரே ஆள் நீங்கள்தான். ஓரத்தில் சிவப்பு மையில் எழுதிய கேள்விகளை எல்லாம் இப்போதும் வைத்திருக்கிறேன்.

மனதில் உறுத்துகிற ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஓராண்டு முடித்ததும் எனக்கு வாரியத்தின் சான்றிதழ் வந்தது. எனக்கும், எனக்கு முன்னால் வந்த அப்ரண்டிஸ்களுக்கும் வேலை கற்றுக்கொடுத்த அக்காவிடம், அவருக்கு என்ன தெரியும் என்று சொல்ல ஒரு காகிதம்கூட இல்லை. பன்னிரண்டாவது படித்த ஒப்பந்தத் தொழிலாளி என்பதுதான் பதிவு. கான்ட்ராக்டர் மாறினால் மறுபடி புது ஆள் கணக்கு. வேலை செய்தே கற்ற திறனைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்க அரசுத் திட்டமே இருக்கிறது. மனிதவளப் பிரிவு மேடம், நான் கிளம்பும்போது கேட்டதைக் குறித்துக்கொண்டீர்கள். அன்பாகத்தான் பேசினீர்கள். அதையே எல்லோர் முன்பும் இன்னொரு முறை கேட்கிறேன்: அக்காவையும் அவரைப் போன்றவர்களையும் அந்தச் சோதனைக்கு அனுப்புங்கள். அந்த ஒரு நாள் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள்.

அக்கா, இந்தப் பருவத்தில் எங்களுக்கு அளவியல் பாடம் இருக்கிறது. லேபில் பீஸை ஆற விட்டுத்தான் அளக்கிறேன், ஏன் என்று கேட்கிறவர்களுக்கு உங்களைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பாப்பாவின் பத்தாம் வகுப்புக் கணக்கு வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஃபோனில்தான். முக்கோணவியலை ஆரம்பிக்கிறோம். புத்தகத்தோடு ஸ்கேலும் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
உங்கள் தர ஆய்வு அப்ரண்டிஸ்