கூடைக்கும் இடம், உருமிக்கும் இடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரம் உங்கள் கடிதப் பகுதியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், வாகனங்களில் சப்வூஃபர், அதாவது தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர், பொருத்துவோரை ஒரு பிடி பிடித்திருந்தார். சாமான் வைக்கும் இடத்தை விழுங்கும் பெட்டி, அயலாரின் தூக்கத்தைக் கெடுக்கும் பெட்டி, இளவட்டங்களின் வீண் பகட்டு என்று எழுதியிருந்தார். எனக்கு வயது ஐம்பத்து மூன்று. நுவரெலியாவுக்கு அருகே கந்தப்பளையில் வேன் ஓட்டுகிறேன். என் வேனிலும் சப்வூஃபர் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று அந்த ஆசிரியர் வந்து தேடினால், கண்டுபிடிக்க ஒரு பிளேன்டீ குடிக்கும் நேரமாவது ஆகும்.

என்னுடையது சுசுகி எவரி. 660 சீசீ எஞ்சின், மொத்த நீளமே 3.4 மீட்டர். அதிகாலையில் லீக்ஸும் கரட்டும் ஏற்றிக்கொண்டு மொத்தக் காய்கறிச் சந்தையான நுவரெலியா பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போவேன். பிற்பகலில் டியூஷன் பிள்ளைகள். டிசம்பர் பௌர்ணமி முதல் வெசாக் வரை, ஹட்டன் ரயில் நிலையத்திலிருந்து நல்லதண்ணிக்குச் சிவனொளிபாதமலை யாத்திரிகர்கள். எனக்குச் சோறு போடுவது வேனின் பின்தளம்தான். அதில் ஒரு கூடைக்கு இடம் குறைந்தால் ஒரு கூடையின் கூலி குறையும்.

பிறகு எதற்கு இந்த ஆசை என்று கேட்பீர்கள். எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தில் நாற்பது வருடம் உருமி வாசித்தவர் என் அப்பா. இப்போது அவரால் அதைத் தோளில் மாட்ட முடியாது. ஒரு மாசி மாதத்துக் கூத்தைக் கைத்தொலைபேசியில் பதிவுசெய்து, அவரை வேனில் அழைத்துப் போகும்போது போட்டுக் காட்டினேன். தப்பு மேளம் பிஸ்கட் டின்னைத் தட்டுவதுபோலக் கேட்டது. உருமியைக் காணவே இல்லை. வளைந்த குச்சி தோலில் உரசும்போது எழும் அந்த முனகல்தானே உருமி! அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தாழ்ந்த ஒலிக்கு நிறையக் காற்றை அசைக்க வேண்டும். கதவில் இருக்கும் உள்ளங்கை அகல ஸ்பீக்கருக்கு அது முடிகிற காரியமா?

முதல் தடவை நான் செய்தது முட்டாள்தனம். ஒரு நகரத்துக் கடையில், 12 அங்குல வூஃபரை மூன்றடி அகலப் பெட்டியோடு வாங்கினேன். மேலே ‘1000 வோட்’ என்று பொன்னிற எழுத்து. பெட்டி ஏறியதும் பின் ஆசனத்தை மடிக்க முடியவில்லை. நான்கு கூடைகளுக்கு இடம் போயிற்று. யாத்திரிகர்கள் பைகளை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். “தம்பி, இந்தப் பெட்டிக்கும் நாங்கள்தான் கூலி கொடுக்கிறோமா?” என்று ஓர் அம்மா கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி றம்பொடை வளைவுகளில் வந்தது. கருகிய வாடை. வேனை ஓரங்கட்டி, பெற்றரி இணைப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்தால், ஒலியைப் பெருக்கும் அம்பிளிபயருக்குப் போகும் வயர் தகர விளிம்பில் உரசி உரசித் தோல் உரிந்திருந்தது. பெற்றரிப் பக்கத்தில் பியூஸ் இல்லை. கடையில் கேட்டதற்கு, “அம்பிளிபயரிலேயே பியூஸ் இருக்கிறதே” என்றார்கள். அந்தப் பியூஸ் அம்பிளிபயரைத்தான் காக்கும். நடுவழியில் வயர் உடம்புத் தகரத்தைத் தொட்டால், பெற்றரியின் மொத்த மின்னோட்டமும் அந்த வயருக்குள்தான் பாயும். பெற்றரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஒரு பியூஸ் இருக்க வேண்டும் என்பது இந்த வேலையின் அரிச்சுவடி. பிள்ளைகளை ஏற்றும் வண்டி இது, ஐயா.

பெட்டியை நட்டத்துக்கு விற்றுவிட்டு, பிறகுதான் விசாரித்துப் படித்தேன். கார் வைத்திருப்பவர்களுக்கு வழி சுலபம். அம்பிளிபயரையும் உள்ளடக்கி, ஏழு சென்டிமீட்டர் அளவு உயரத்தில் ஆசனத்துக்கு அடியில் நுழையும் மெல்லிய சப்வூஃபர்களைப் பயனியர், கென்வூட் போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. உதிரிச் சில்லின் குழிக்குள்ளேயே உட்காரும் வட்டமானவையும் உண்டு. மேலே தளப் பலகையை மூடிவிட்டால் சாமான் இடம் பழையபடி இருக்கும். வாங்குமுன் ஆசனத்தை முன்னும் பின்னும் நகர்த்தி உயரத்தை அளந்துகொண்டால் போதும். என் எவரியில் இது சரிப்படாது. முன் ஆசனங்களுக்கு அடியில் இருப்பது எஞ்சின். அங்கே வூஃபரை வைப்பது அடுப்பில் வைப்பது போலத்தான்.

எனவே வேனுக்குள் வீணாகக் கிடக்கும் இடத்தைத் தேடினேன். பின்சில்லு மேட்டுக்கும் பின்கதவுக்கும் நடுவே ஒரு மூலை இருந்தது. சதுரக் கூடை எதுவும் அங்கே உட்காராது. பழைய துணியும் ஒற்றைச் செருப்பும்தான் அங்கே குடியிருந்தன. மூலையில் வைத்தால் சத்தம் ஒரு பக்கத்திலிருந்து வருமே என்று முதலில் பயந்தேன். 50 ஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த ஒலியலையின் நீளம் ஏறத்தாழ ஏழு மீட்டர், அதாவது என் வேனைப் போல இரண்டு மடங்கு. அவ்வளவு நீண்ட அலை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காது கண்டுகொள்ளாது. 80 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதை வடிகட்டி முன் ஸ்பீக்கர்களுக்கு விட்டுவிட்டால், உருமி முன்னாலுள்ள டாஷ்போர்டுக்குள்ளிருந்து வருவதுபோலவே கேட்கிறது. மூடிய சிறிய அறை என்பதால் வாகனமே தாழ்ந்த ஒலியைப் பெருக்கிக் கொடுக்கிறது. பூதாகாரமான பெட்டி தேவைப்படாததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆழம் குறைந்த 8 அங்குல வூஃபர் ஒன்று வாங்கினேன். அதற்கு மூடிய பெட்டியில் பத்து லீட்டர் கொள்ளளவு போதும். மட்டைத் தாளில் மூலையின் வடிவத்தை வெட்டியெடுத்து, எங்கள் ஊர்த் தச்சரிடம் கொடுத்தேன். கோணல்மாணலான பெட்டிக்குக் கொள்ளளவு எப்படிக் கணக்கிடுவது? தச்சர் சிரித்துவிட்டு, ஒரு லீட்டர் பாத்திரத்தால் அரிசி அளந்து அளந்து உள்ளே கொட்டினார். பத்தாவது பாத்திரத்தோடு விளிம்பு தட்டியது. படித்தவர்கள் இதற்குச் சூத்திரம் வைத்திருப்பார்கள், எங்களுக்கு அரிசி. பலகை மட்டும் தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை எங்கள் பனிமூட்டத்தில் ஈரத்தைக் குடித்து ஊதிவிடும். மூட்டுகளுக்குச் சிலிக்கோன் பூசினோம். எர்த் வயர் இணைப்புக்குப் பெயின்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் முறுக்கி, துருப்பிடிக்காமல் மேலே கிரீஸ். உடம்புத் தகரத்தில் எங்கும் வெட்டவில்லை. 2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் திறந்தது உண்மைதான். ஆனால் இன்றைய விலையில் இன்னொரு வேன் எனக்குக் கனவு, இருப்பதைக் கெடுக்கலாமா?

அம்பிளிபயர் 100 வோட், அதுவும் தொடர்ந்து கொடுக்கும் ஆர்.எம்.எஸ். அளவு. சத்தத்தை முழுவதும் கூட்டி வைத்தாலும் ஒன்பது அம்பியர் அளவில் இழுக்கும். அந்தப் பொன்னெழுத்து 1000 வோட் நிஜமாக இருந்திருந்தால் தொண்ணூறு அம்பியர் கேட்டிருக்கும். என் சின்ன எஞ்சின் தாங்குமா? அது நிஜமில்லை, நல்லவேளை.

அந்த ஆசிரியர் சொன்னதில் ஒன்றை மட்டும் நான் ஒப்புக்கொள்கிறேன். லயம் எனும் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒரே சுவர் இரண்டு குடும்பத்துக்கும் பொது. தாழ்ந்த ஒலி சுவரையும் தகரக் கூரையையும் மதிப்பதில்லை. விடியற்காலை மூன்றரை மணிக்கு நான் புறப்படும்போது ரேடியோவே போடமாட்டேன். பிரதான வீதிக்கு வந்த பிறகுதான். அந்த நேரத்தில் லயத்துக்குள் போடுபவர்களை அவர் திட்டட்டும், நானும் சேர்ந்து திட்டுகிறேன். ஆனால் பெட்டியைத் திட்டுவதோடு நிறுத்தாமல், விற்கும் கடைகளையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உச்ச வோட்டை அச்சிட்டு ஏமாற்றாமல் ஆர்.எம்.எஸ். அளவைச் சொல்லட்டும். வாகனத்தில் எதை ஏற்றுகிறீர்கள் என்று முதலில் விசாரிக்கட்டும். பியூஸ் இல்லாமல் ஒரு வயரும் கடையை விட்டு வெளியேறக் கூடாது.

வேலை முடிந்த அன்று அப்பாவை முன் ஆசனத்தில் ஏற்றி, அதே கூத்துப் பதிவைப் போட்டேன். பின்னால் பதினான்கு கூடை லீக்ஸ். இராகலைப் பக்கம் போகும்வரை அவர் பேசவில்லை. முழங்காலில் விரல்கள் மட்டும் தாளம் தட்டிக்கொண்டிருந்தன. பிறகு சொன்னார்: “உருமி பரவாயில்லை. ஆனால் தப்பை நெருப்பில் சரியாகக் காய்ச்சாமல் அடித்திருக்கிறான்கள்.”

இப்படிக்கு,
வேன் சாரதி ஒருவர்,
கந்தப்பளை.