நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன்

அன்புள்ள செழியனுக்கு,

நீ அனுப்பிய வீடியோவை முழுதும் பார்த்தேன். 22 நிமிடம். கூடவே நீ ஒரு வரிகூட எழுதவில்லை. முன்பெல்லாம் என்ன நினைக்கிறாய் என்று நாலு வரி எழுதி அனுப்புவாய், இப்போது வெறும் இணைப்புதான் வருகிறது. அக்காவோடு அன்றைக்கு நடந்த பேச்சுக்கு இது பதில் என்று எடுத்துக்கொண்டேன். குடும்பக் குழுவிலிருந்து நீ விலகியதைப் பற்றி இந்தக் கடிதத்தில் எதுவும் எழுதப்போவதில்லை. வீடியோவைப் பற்றி மட்டும்தான்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? இராத்திரி இரண்டு மணிக்கெல்லாம் ஆன்லைனில் இருப்பதாகக் காட்டுகிறது.

வீடியோவில் பேசும் அந்த யூடியூப் விமர்சகர் நன்றாகப் பேசுகிறார். பக்கத்தில் உட்கார்ந்து நம்மிடமே சொல்வதுபோல இருக்கிறது. கெட்ட எண்ணத்தில் பேசுகிறார் என்றும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அவர் செய்தியாளர் இல்லை, செழியா. எந்த இடத்துக்கும் போகவில்லை, சம்பந்தப்பட்ட யாரையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை, ஓர் ஆவணத்தைக்கூடத் திரையில் காட்டவில்லை. யாரோ எழுதியதை இன்னொருவர் சுருக்க, அந்தச் சுருக்கத்தை இவர் விளக்குகிறார். உன்னிடம் வந்து சேரும்போது அது நாலு கை மாறிய செய்தி.

ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள். ஏழாவது நிமிடத்தில் சொல்கிறார்: சமூக ஊடகத்தில் பொய் உண்மையைவிட ஆறு மடங்கு வேகமாகப் பரவுகிறது, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் நிரூபித்துவிட்டது, எல்லாம் பாட் என்கிற தானியங்கிக் கணக்குகளின் வேலை. இப்படி யார் சொன்னாலும் கேட்டு நகர்ந்துவிடாமல் மூலத்தைத் தேடு. வீடியோவின் விவரப் பகுதியில் இணைப்பு கொடுத்திருக்கிறாரா என்று முதலில் பார்த்தேன். சந்தா, நன்கொடை, விளம்பரதாரர் இணைப்புகள் இருந்தன, ஆய்வுக்கு இல்லை. பிறகு எம்ஐடி, பொய்ச் செய்தி, ட்விட்டர் என்ற மூன்று சொற்களை ஆங்கிலத்தில் கூகுள் ஸ்காலர் என்ற ஆய்வுக் கட்டுரைத் தேடலில் போட்டதும் மேலேயே வந்துவிட்டது. சொரூஷ் வொசூகி, டெப் ராய், சினன் ஆரல் ஆகிய மூவர் எழுதி 2018 மார்ச்சில் 'சயின்ஸ்' இதழில் வெளியான கட்டுரை.

அதில் இருப்பது இது. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில், ட்விட்டரில் மட்டும், சுமார் 30 லட்சம் பேர் பகிர்ந்த ஏறத்தாழ 1,26,000 செய்திச் சங்கிலிகளை, அதாவது ஒரு பதிவில் தொடங்கி மறுபகிர்வுகளாக நீளும் தொடர்களைப் பார்த்திருக்கிறார்கள். ஆறு உண்மை சரிபார்ப்பு அமைப்புகள் ஏற்கெனவே ஆராய்ந்து உண்மை, பொய் என்று முடிவு சொன்ன செய்திகள் அவை. ஆறு மடங்கு என்பது எங்கிருந்து வந்தது என்றால், ஒரு செய்தி 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்குப் பொய்யைவிடச் சுமார் ஆறு மடங்கு நேரம் பிடித்தது என்ற கணக்கிலிருந்து. மறுபகிர்வு பெறும் வாய்ப்பு பொய்க்கு 70% கூடுதல். இந்த அளவில் அவர் சொன்னது பெரிய தவறில்லை. எந்தத் தளம், எந்த வருடங்கள், எந்த வகைச் செய்தி என்பதையெல்லாம் விட்டுவிட்டு 'சமூக ஊடகத்தில்' என்று விரித்துச் சொன்னதுதான் குறை.

எல்லாம் பாட்களின் வேலை என்ற கடைசிப் பகுதிதான் என்னை உட்காரவிடவில்லை. பாட்களை அடையாளம் கண்டு நீக்கிவிட்டும் கணக்குப் போட்டிருக்கிறார்கள், முடிவு மாறவில்லை. தானியங்கிக் கணக்குகள் உண்மையையும் பொய்யையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் பரப்பின. வித்தியாசத்தை உண்டாக்கியது மனிதர்கள். பொய்ச் செய்தியில் புதுமை கூடுதல், அதற்கு வந்த பதில்களில் வியப்பும் அருவருப்பும் கூடுதல் என்று எழுதியிருக்கிறார்கள். வீடியோவில் சொன்னதற்கு நேர் எதிர், அதுவும் கட்டுரையின் சுருக்கப் பத்தியிலேயே இருக்கிறது. அவர் அந்தப் பத்தியைக்கூடப் படிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். உனக்கு இது புரியாமல் போகாது. கணக்கில் ஒரு படி விட்டுப்போனால்கூட ஆசிரியரிடம் போய் நின்று கேட்கிற பிள்ளை நீ. இப்போது மட்டும் ஏன் கேட்பதில்லை?

நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி. கணினியில் வீடியோவைத் திறந்து விவரப் பகுதியை விரித்தால் பெரும்பாலும் கீழே டிரான்ஸ்கிரிப்ட், அதாவது பேச்சை எழுத்தாகக் காட்டும் பொத்தான் இருக்கும். அதை நகலெடுத்து ஒரு கோப்பில் ஒட்டு. குரலும் பின்னணி இசையும் போனதும் எத்தனை வாக்கியம் மிஞ்சுகிறது என்று பார். தானாக எழுதப்படும் வரிகளில் பெயரும் எண்ணும்தான் அதிகம் பிசகும், அந்த இடங்களை மட்டும் திரும்பக் கேள். பிறகு ஒவ்வொரு வாக்கியத்தையும் பிரி: சரிபார்க்க முடிகிற தகவல், அவருடைய கருத்து, 'பலரும் சொல்கிறார்கள்' வகை. நீ அனுப்பியதில் முதல் வகை மிகக் குறைவு. இருக்கிற சிலவற்றில் முழுப் பேச்சும் எதன்மேல் நிற்கிறதோ அதை மட்டும் சரிபார்த்தால் போதும். எல்லாவற்றையும் சரிபார்க்கப் போனால் அலுத்துப்போய் எதையும் பார்க்கமாட்டாய்.

சரிபார்க்கும்போது அதே சேனலுக்குள் சுற்றாதே. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் வரலாற்றுப் பேராசிரியர்கள், மாணவர்கள், தொழில்முறைச் சரிபார்ப்பாளர்கள் மூன்று சாராரும் இணையப் பக்கங்களை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். படித்த பேராசிரியர்களே பக்கத்தின் தோற்றத்தைப் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் பக்கத்தில் அதிகம் தங்காமல் உடனே புதிய டேப்களைத் திறந்து, அந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். நீயும் அப்படியே வெளியே போய்ப் பார்.

படம், வீடியோத் துண்டு என்றால் வேறு வேலை. திரையை நிறுத்திப் படம் பிடி. மேலே ஒட்டிய எழுத்து, லோகோ, மூலையில் பேசுபவரின் முகம் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸில் போடு. கிடைக்கவில்லை என்றால் இடவலம் திருப்பிப் போடு, தேடலில் சிக்காமல் இருப்பதற்கென்றே பலர் படத்தைத் திருப்பிப் போடுகிறார்கள். டின்ஐ என்ற இன்னொரு படத் தேடல் தளத்தில் பழையது முதலில் வருமாறு வரிசைப்படுத்தலாம். நேற்று நடந்தது என்று சொன்ன படம் மூன்று வருடத்துக்கு முன்பே இணையத்தில் இருந்தால் வேலை முடிந்தது. ஒன்றும் வரவில்லை என்பதால் மட்டும் படம் உண்மை என்று ஆகிவிடாது. 2023 மே 22 அன்று அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன் அருகே குண்டுவெடிப்பு என்று ஒரு படம் பரவியது, செயற்கை நுண்ணறிவில் செய்ததுபோல் தெரிந்த போலிப் படம். ட்விட்டரில் நீலக் குறி வைத்த கணக்குகள் பகிர்ந்தன, அமெரிக்கப் பங்குச் சந்தை சில நிமிடம் சரிந்தே எழுந்தது. அந்தக் குறி அப்போதே காசு கொடுத்து வாங்கக்கூடியதாகிவிட்டது. அவ்வளவு பேர் நடமாடும் இடத்தில் நிஜமாக வெடித்திருந்தால் பல கோணங்களில் படங்கள் வந்திருக்கும். ஒரே படம், ஒரே கோணம் என்றால் பொறுத்திரு.

அவர்களுடைய வருமானம் எப்படி வருகிறது என்பதும் உனக்குத் தெரிய வேண்டும். யூடியூப் 2012-லேயே எத்தனை பேர் திறந்தார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு முக்கியத்துவம் கொடுக்கத் தொடங்கியது. நீண்ட வீடியோவில் வரும் விளம்பரப் பணத்தில் 55% செய்தவருக்கு. எட்டு நிமிடமோ அதற்கு மேலோ ஓடினால் நடுவிலும் விளம்பரம் வைக்கலாம். மூன்று நிமிடத்தில் முடிகிற விஷயம் எட்டைத் தாண்டுவதற்கும், 'கடைசியில் சொல்கிறேன்' என்று இழுப்பதற்கும் இது ஒரு காரணம். தலைப்பையும் முகப்புப் படத்தையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஆனால் ஏற்றிய வீடியோவை அதே முகவரியில் திருத்திய வீடியோவால் மாற்ற முடியாது. தவறான பகுதியை வெட்டி எடுக்கலாம், அல்லது கீழே குறிப்பு போடலாம். அந்தக் குறிப்பை யார் படிக்கிறார்கள்? 2024 செப்டம்பரில் அமெரிக்க நீதித் துறை தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை ஒன்றில், ரஷ்ய அரசு ஊடகப் பணியாளர்கள் இருவர் ஏறத்தாழ 1 கோடி டாலரை ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கு அனுப்பி, அதன் வழியாக வீடியோ விமர்சகர்களுக்குப் பணம் போகச் செய்தார்கள் என்று குற்றம் சாட்டியது. பணம் எங்கிருந்து வந்தது என்று தங்களுக்குத் தெரியாது என்றார்கள் அந்த விமர்சகர்கள். பேசுகிறவருக்கே தெரியாமல் இருக்கலாம் என்றால் கேட்கிற உனக்கு எப்படித் தெரியும்?

எல்லாரையும் ஒதுக்கச் சொல்லவில்லை. செய்தித்தாள் தொடாததைத் தோண்டி எடுக்கிற விமர்சகர்களும் உண்டு. ஆவணத்தைத் திரையில் காட்டுகிறாரா, தான் தவறியதைத் தானே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறாரா, மறுதரப்பின் வலுவான வாதத்தை எடுத்துச் சொல்கிறாரா, 'இது இன்னும் தெரியவில்லை' என்று எப்போதாவது சொல்கிறாரா? இந்த நாலில் குறைந்தது மூன்று இருந்தால் தாராளமாகக் கேள். நான் தடுக்கமாட்டேன்.

இரவு விஷயத்துக்கு வருகிறேன். ஆட்டோபிளேயை நிறுத்து. பார்த்தவற்றின் வரலாற்றை அழித்துவிட்டு, பதிவாவதையும் நிறுத்து. அப்படிச் செய்தால் முகப்புப் பக்கத்தில் பரிந்துரைகள் காலியாகிவிடும், நீ தேடினால்தான் வரும். வரலாறு வேண்டும் என்றால், கோபமூட்டும் வீடியோவின் மூன்று புள்ளியை அழுத்தி, இந்தச் சேனலைப் பரிந்துரைக்காதே என்று கொடு. படுக்கும் அறைக்குப் போனைக் கொண்டுபோகாதே. முக்கியமான செய்தி எதுவும் காலைக்குள் காணாமல் போகாது. முதல் சில மணி நேரத்தில் வரும் எண்ணிக்கையும் பெயர்களும்தான் அதிகம் மாறும், அதனால் காலையில் படிப்பவனுக்குச் சரியான தகவல் கிடைக்கும். தூங்கு, கண்ணா. இதை மறுபடி மறுபடி சொல்கிறேன் என்று தெரியும்.

அக்கா அன்று குழுவில் போட்டதும் சரியில்லை. அதன்மேல் இரட்டை அம்புக்குறி இருந்தது, பலமுறை கைமாறி வந்தது என்று வாட்ஸ்அப்பே காட்டும் குறி. அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும் என்று 2020 ஏப்ரலில் கட்டுப்பாடு கொண்டுவந்ததே இதற்காகத்தான். அவளிடமும் சொல்லிவிட்டேன், அவள் மறுக்கவில்லை. ஆளுக்கொரு வீடியோவை எறிந்துகொண்டீர்கள், இரண்டையும் யாரும் திறந்து பார்க்கவில்லை. எதுவும் எழுதமாட்டேன் என்றேன், எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

அடுத்த முறை இணைப்பு அனுப்பினால், எந்த நிமிடத்தில் எந்த வாக்கியம் உன்னை யோசிக்க வைத்தது என்று கீழே ஒரு வரி எழுது. மூலத்தை நான் தேடி எடுத்து வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுகிறேன். அக்காவும் பக்கத்தில் இருப்பாள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: அந்த 'சயின்ஸ்' கட்டுரையின் சுருக்கம் ஒரே பத்திதான், காசு கட்டாமல் படிக்கலாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் படித்துவிடு.