கோடைப் பருவ நிறைவு: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

யாங்கோனில் நாம் நடத்தும் கோடைக்காலத் தமிழ் வகுப்புகள் இறையருளாலும் உங்கள் ஒத்துழைப்பாலும் இவ்வாண்டும் இனிதே நிறைவடைந்துள்ளன. மாணவர்கள் ஆர்வத்துடன் பயின்றார்கள். திருக்குறள், பேச்சு, கையெழுத்துப் போட்டிகள் சிறப்பாக நடந்தேறின. பர்மியப் புத்தாண்டான திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழாவின் நடுவிலும் சித்திரைப் புத்தாண்டு வழிபாட்டுக்குப் பிள்ளைகள் திரளாக வந்து பாடியதைப் பலரும் பாராட்டினார்கள். மதிய உணவும் குறிப்பேடுகளும் வழங்கிய அன்பர்களுக்கும், ஊதியம் கருதாமல் கற்பித்த ஆசிரியர்களுக்கும் நிர்வாகத்தின் சார்பில் நன்றி.

ஜூன் மாதம் அரசுப் பள்ளிகள் திறப்பதற்குள் உங்களிடம் தெளிவுபடுத்த வேண்டிய செய்தி ஒன்று உள்ளது. அது வாய்மொழித் தேர்வைப் பற்றியது.

இவ்வாண்டு அத்தேர்வில் ஒப்புவித்தலுக்கு 60 மதிப்பெண்ணும் உரையாடலுக்கு 40 மதிப்பெண்ணும் ஒதுக்கினோம். முதற்பகுதியில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் நன்றாகவே செய்தார்கள். இரண்டாம் பகுதியில் பலர் வாய் திறக்கவில்லை. மதிப்பெண் வெளியானதும் சில பெற்றோர் மனவருத்தத்துடன் வந்து, அத்தனை குறளையும் பிசகாமல் சொல்லும் பிள்ளைக்கு எப்படி மதிப்பெண் குறையும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி என்பதால் சற்று விரிவாகவே விடை எழுதுகிறேன்.

தேர்வறையில் நாங்கள் கண்டது இதுதான். ஒரு மாணவர் ‘கற்க கசடற’ என்று தொடங்கிக் குறளை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார். ‘நிற்க’ என்ற சொல்லைக் கொடுத்து அங்கிருந்து தொடரச் சொன்னால் திகைப்பார். உதட்டுக்குள் மறுபடியும் முதலடியைச் சொல்லி வந்துதான் அந்த இடத்தைப் பிடிப்பார். ‘கற்றபடி நடப்பது என்றால் என்ன, ஒன்று சொல்லேன்’ என்று கேட்டால் இரு கைகளையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வார். விடை தெரியாத பிள்ளை மட்டும்தான் இப்படி நின்றது என்று எண்ண வேண்டாம். அதே பிள்ளை இடைவேளையில் நண்பர்களிடம் அந்த விடையைப் பர்மிய மொழியில் அழகாகச் சொல்லிக்கொண்டிருந்ததை ஆசிரியை கேட்டிருக்கிறார்.

நம் பிள்ளைகள் ஆண்டின் பெரும்பகுதியை வெள்ளைச் சட்டையும் பச்சைக் கைலியும் அணிந்து அரசுப் பள்ளியில் கழிக்கிறார்கள். அங்கே சயாமா, அதாவது ஆசிரியை, ஒரு வரியைச் சொல்ல வகுப்பு முழுவதும் ஒரே குரலில் திருப்பிச் சொல்கிறது. ஆசிரியர் முன் கை கட்டி நிற்பது பணிவு. அவர் பேசும்போது ஐயம் கேட்பது அவரைச் சங்கடப்படுத்துவதாகும் என்று, பர்மியர் ‘ஆனாடே’ என்னும் தயக்கத்தோடு ஒதுங்கிக்கொள்வது நல்ல வளர்ப்பு. இறுதித் தேர்வில் எத்தனை பாடத்தில் டிஸ்டிங்ஷன் என்பதே எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் என்பதால், டியூஷனிலும் எழுதிக் கொடுத்த விடையை அப்படியே மனப்பாடம் செய்வதுதான் நடக்கிறது. வீட்டுக்கு வந்தால் நாமும் பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்கிறோம். இத்தனைக்கும் பிறகு, இரண்டு மாத வகுப்பில் அறிமுகமான ஓர் ஆசிரியை எதிரே அமர்ந்து ‘நீ என்ன நினைக்கிறாய்?’ என்று கேட்டதும் பிள்ளை மளமளவென்று பேசிவிடும் என எதிர்பார்ப்பது எளிதன்று.

இதனால் பர்மியப் பள்ளிமுறை தாழ்ந்தது, நம்முடையது உயர்ந்தது என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். நம் திண்ணைப் பள்ளிகளும் முறைவைத்து ஒப்புவித்தே பாடம் நடத்தின. பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைச் சென்னைப் பக்கத்தில் கண்ட ஆன்ட்ரூ பெல், 1789 முதல் தாம் நடத்திவந்த எழும்பூர் ஆதரவற்றோர் பள்ளியில் அதைப் புகுத்தினார். முன்னேறிய மாணவனே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டையும் சேர்த்து அவர் 1797இல் நூலாக வெளியிட, அது ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்து வரை பரவியது. சட்டாம்பிள்ளைக்குக் கடல் தாண்டிக் கிடைத்த மரியாதை அது! ஒப்புவித்தலின் அருமை நம் ஊருக்கும் நன்கு தெரியும். 1965இல் பர்மாவில் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பிறகு, பாடநூலும் வகுப்பறையும் இல்லாத காலத்தில், கோயில் மண்டபத்தில் பெரியவர்கள் சொல்லச் சொல்லத் தேவாரத்தையும் திருப்புகழையும் காதால் கேட்டே நெஞ்சில் ஏற்றிக்கொண்டவர்கள் உங்களில் பலர். அப்படிக் காத்த தமிழ்தான் இன்று இந்தப் பள்ளியாக நிற்கிறது. ஆகவே ஒப்புவித்தலுக்கு 60 மதிப்பெண் கொடுத்ததைக் குறைக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை.

ஆனால் அந்த 40 மதிப்பெண்ணை விட்டுவிடவும் முடியாது. பாடம் பயிலும் முறையைச் சொல்லும் நன்னூல், கேட்டதைச் சிந்திப்பதோடு நில்லாமல் ‘வினாதல், வினாயவை விடுத்தல்’ என்பவற்றையும் மாணவன் கடமையாக வைக்கிறது. மிலிந்த மன்னர் அடுக்கடுக்காகக் கேட்க நாகசேனர் விடையளிக்கும் பாலி நூலைப் பர்மியப் பௌத்த மரபு திரிபிடகத்திலேயே சேர்த்துப் போற்றுகிறது. கேள்வி கேட்பது இரு மரபிலும் மரியாதைக் குறைவன்று. அரசுப் பள்ளிகளிலும் 2017இல் முதல் வகுப்புக்கு வந்த புதிய பாடநூல்கள் பிள்ளைகளைக் குழுவாக அமர்ந்து பேசவும் எண்ணவும் வைக்கும் வகையிலேயே அமைந்துள்ளன. பழக்கம் மாறத்தான் நாளாகிறது.

உரையாடல் தேர்வில் ஒரு சிறுமிக்கு நல்ல மதிப்பெண் கிடைத்ததைப் பற்றியும் முறையீடு வந்தது. பாடக் கேள்விகளுக்குத் தயங்கிய அவளிடம் திஞ்ஜானைப் பற்றிக் கேட்டபோது, வெல்லம் வைத்து உருட்டிய அரிசி மாவு உருண்டைகளில் ஒன்றில் மட்டும் விளையாட்டாகப் பச்சை மிளகாயை வைத்ததையும், அதைக் கடித்த மாமா தண்ணீர்ப் பானையைத் தேடி ஓடியதையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். நடுவே பர்மியச் சொற்கள் கலந்தன. கலந்து பேசியதற்கு எப்படி மதிப்பெண் என்பது முறையீடு. தந்தை தமிழராகவும் தாய் பர்மியராகவோ கரெனாகவோ இருக்கும் வீடுகள் நம்மிடையே பல உள்ளன. பாட்டியிடம் ஒரு மொழி, கடையில் ஒரு மொழி என்று வளரும் பிள்ளை, தான் கண்டதைத் தமிழ் வாக்கியத்தில் வைத்துச் சொல்ல முயன்றதற்கே அந்த மதிப்பெண். சொல்லைத் திருத்திக்கொள்ளலாம், திறவாத வாயை என்ன செய்வது?

அடுத்து எழுதுவது எனக்கு விருப்பமானதன்று. எனினும் எழுதியாக வேண்டும். மதிப்பெண் குறைந்ததைக் கேட்க வந்த ஓரிருவர் பாடம் நடந்துகொண்டிருந்த வகுப்புக்குள்ளேயே நுழைந்து, மாணவர்கள் முன்னிலையில் ஆசிரியையைக் குரல் உயர்த்திக் கண்டித்துப் பேசியிருக்கிறார்கள். இதை இப்பள்ளி ஏற்காது. புத்தர், தர்மம், சங்கம், பெற்றோர், ஆசிரியர் என்று ஐவரையும் ஒரே வரிசையில் வைத்து வணங்கும் நாட்டில் நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். தடிஞ்சுட் என்னும் ஒளித் திருவிழாவின்போது அரசுப் பள்ளி ஆசிரியர் முன் மண்டியிட்டுக் கும்பிடும் பிள்ளை, இங்கே தன் பெற்றோரே தமிழாசிரியையை அதட்டுவதைப் பார்த்தால், ஆசிரியரில் மேல் கீழ் உண்டு என்றும், தமிழ் சொல்லிக்கொடுப்பவர் கீழே என்றும் தானே கற்றுக்கொள்ளும். ஆசிரியரை மதிக்கவில்லை என்று பிள்ளையைக் கடியும் உரிமை அதன்பின் நமக்கு ஏது? இனி மதிப்பெண் தொடர்பான எந்த முறையீடும் வகுப்பு முடிந்த பிறகு அலுவலக அறையில் என்னிடம் மட்டுமே தெரிவிக்கப்பட வேண்டும். பதில் சொல்லாத பிள்ளையை அடித்தாவது பேச வையுங்கள் என்ற வேண்டுகோளையும் நாங்கள் ஏற்பதற்கில்லை.

உங்கள் ஆதங்கம் அக்கறையிலிருந்து வந்தது என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. கடையைப் பூட்டிவிட்டும் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டும் வெயிலில் பிள்ளைகளை அழைத்துவந்து விட்டவர்கள் நீங்கள். ஆகவே உரிமையோடு ஓர் உதவி கேட்கிறேன். பிள்ளை வீட்டில் குறள் சொல்லி முடித்ததும் அடுத்த குறளுக்குப் போகச் சொல்லாமல், அதில் ஒரு கேள்வி கேளுங்கள். அவர்களையும் உங்களிடம் ஒன்று கேட்கச் சொல்லுங்கள். உங்களுக்கு விடை தெரியாவிட்டால் குறித்து அனுப்புங்கள், வகுப்பில் பார்த்துக்கொள்வோம். சென்ற வாரம் பிள்ளை எதிர்த்துப் பேசுகிறான் என்று கவலைப்பட்ட தாயாரிடம் விசாரித்ததில், அவன் ‘ஏன்?’ என்றுதான் கேட்டிருக்கிறான். அம்மா, அதற்காக அவனைத் தண்டிக்க வேண்டாம்.

உரையாடலில் மதிப்பெண் குறைந்த மாணவர்கள் பள்ளி திறப்பதற்கு முந்தைய சனிக்கிழமை காலை மீண்டும் அத்தேர்வை எழுத்தின்றிப் பேசியே செய்யலாம். வேறு நூல் எதுவும் படித்து வர வேண்டியதில்லை. நற்சான்றிதழ்களும் மதிப்பெண் பட்டியல்களும் மறுநாள் ஞாயிறு பூஜைக்குப் பின் வழங்கப்படும். ஜூன் முதல் ஞாயிறுதோறும் வகுப்பு தொடரும். சேர விரும்புவோர் அன்றே பெயர் கொடுத்துவிட்டால் ஆசிரியர்களை ஒழுங்கு செய்ய வசதியாக இருக்கும். இப்பருவம் முழுவதும் துணைநின்ற உங்கள் அனைவருக்கும் மீண்டும் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்
கோடைக்காலத் தமிழ்ப் பள்ளி, யாங்கோன்