ஆசிரியர் பயிற்சி குறித்துப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். நம் தொடக்கப் பள்ளிப் பிரிவை ஐபி (இன்டர்நேஷனல் பேக்கலோரியட்) என்ற பன்னாட்டுப் பாடத்திட்டத்துக்கு மாற்றும் வேலைகள் நடப்பது உங்களுக்குத் தெரியும். அதற்காக ஆசிரியர்கள் எல்லோரும் இந்தப் பருவம் முழுக்கப் பயிற்சியில் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் மதியம் 12.30 மணிக்கே பள்ளி விடுவது அதனால்தான். வேன் நேரத்தையும் மாற்றிவிட்டோம்.

"இத்தனை வருடம் பாடம் நடத்தியவர்களுக்கு இனி என்ன பயிற்சி?" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். 1968இல் ஜெனீவாவில் தொடங்கிய ஐபி, கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளிக்கு 1970களிலேயே வந்துவிட்டது. ஆனால் 3 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகளுக்கான திட்டம் 1997இல்தான் வந்தது. புத்தகத்தை முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை முடிப்பது என்ற கணக்கே அதில் இல்லை. 'உலகம் எப்படி இயங்குகிறது' என்பது போல ஆறு கருப்பொருள்கள் உண்டு. அறிவியல், கணக்கு, மொழி எல்லாம் அவற்றுக்குள் வரும்படி ஆசிரியர்கள் கூடி உட்கார்ந்து பாடத்தைத் திட்டமிட வேண்டும்.

போன வாரம் பயிற்சியாளர் ஒரு பேட்டரி, சின்ன பல்பு, ஒரு துண்டு ஒயர் மட்டும் கொடுத்து, பல்பை எரிய வைக்கச் சொன்னார். படம் இல்லை, விளக்கமும் இல்லை. பல்பின் அடிமுனையோடு பக்கவாட்டு உலோகமும் சுற்றில் சேர வேண்டும் என்று பிடிபடவே நேரமானது. (முதலில் எரிய வைத்தவர் தமிழாசிரியர். அறிவியல் ஆசிரியர்களுக்கு இன்னும் மனசு ஆறவில்லை.)

இதைவிடச் சிரமம், கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது. ஆசிரியர்கள் பதிலுக்குச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், மூன்று நொடி பொறுத்தாலே பிள்ளைகளின் பதில் நீளமாகவும் யோசித்ததாகவும் வருகிறது என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோவ் 1970களிலேயே காட்டினார். எங்கள் வகுப்புகளில் இப்போது ஒருவர் பாடம் நடத்த, இன்னொருவர் பின்னால் உட்கார்ந்து நொடிகளை எண்ணுகிறார்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நோட்டு முன்போல நிரம்பாது. அதைப் பார்த்துப் பதற வேண்டாம். பிள்ளை ஒரு கேள்வியோடு வீட்டுக்கு வந்தால், உடனே யூடியூபைத் திறந்து விடையைக் காட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் ஆசிரியர் வேண்டுமென்றே பதில் சொல்லாமல் அனுப்பிய கேள்வியாக இருக்கும். "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டால் போதும்.

அப்புறம், வாய்ப்பாடும் தமிழ்ப் பாடமும் எங்கேயும் போகவில்லை. பயிற்சிச் செலவைக் கட்டணத்தில் சேர்க்க மாட்டோம். மற்ற சந்தேகங்களுக்கு இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பள்ளி அரங்குக்கு வாருங்கள், வகுப்பாசிரியர்களும் இருப்பார்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்