வெஸ்ட் கென்னட்டில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே,

போன ஞாயிற்றுக்கிழமை இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் இருக்கும் வெஸ்ட் கென்னட் என்ற கற்காலப் புதைமேட்டுக்குப் போயிருந்தேன். ஏ4 சாலையோரம் காரை விட்டுவிட்டு, கென்னட் ஆற்றைத் தாண்டி, வயலோரமாக மூச்சு வாங்க ஏறினேன். கடைசி அறையில் நீங்கள் விட்டுப்போன குட்டி மெழுகுவர்த்திக் கிண்ணங்கள், எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. ஒன்றில் மெழுகு இன்னும் இறுகவில்லை. அதற்கு மேலே கல்லில் நாக்கு நீட்டியது போல் கரி.

சண்டைக்கு வரவில்லை. நானும் விளக்கேற்றி வளர்ந்தவன்தான். எங்கள் அம்மாச்சி வீட்டு மாடக்குழி வருஷம் முழுக்கக் கறுத்துக் கிடக்கும். பொங்கலுக்கு வெள்ளையடித்தால் சரியாகிவிடும். இங்கே யார் வெள்ளையடிப்பது?

கி.மு. 3650 வாக்கில் கட்டிய மேடு இது. நீளம் 100 மீட்டர். ஆனால் கிழக்கு முனையில் மட்டும்தான் அறைகள், மொத்தம் ஐந்து. ஆண், பெண், குழந்தை என்று குறைந்தது 36 பேரை இங்கே கிடத்தியிருந்தார்கள். அப்புறம் அறைகளைச் சுண்ணமண் கொட்டி நிரப்பி, வாசலில் பெரிய பெரிய கற்களை நிறுத்தி அடைத்துவிட்டார்கள். 1955-56இல் தொல்லியலாளர்கள் ஸ்டூவர்ட் பிகாட்டும் ரிச்சர்ட் அட்கின்சனும் அகழ்ந்து சீரமைத்த பிறகுதான் நாம் உள்ளே நடக்கிறோம்.

உள்ளே ஒரு கல்லைத் தடவிப் பார்த்திருக்கிறீர்களா? சொரசொரப்புக்கு நடுவே ஓரிடம் மட்டும் அம்மி போல வழவழவென்று இருக்கும். கற்கோடரி தீட்டித் தீட்டித் தேய்ந்த இடம். விரல் வைத்தால் பள்ளம் தெரியும். அதன்மேல் புகை படிந்தால் அந்தத் தேய்மானம் கண்ணுக்கே தெரியாது.

சூடும் லேசுப்பட்டதல்ல. இந்த மேட்டின் பெரிய கற்கள் சார்சன் என்ற கடினமான மணற்கல். பக்கத்து ஏவ்பரி கல்வட்டத்தில் 18ஆம் நூற்றாண்டில் இதே சார்சன் கற்களை எப்படி உடைத்தார்கள்? சுற்றி நெருப்பு மூட்டி, கல் நன்றாகச் சூடேறியதும் தண்ணீர் ஊற்றி, சம்மட்டியால் ஒரே போடு. உங்கள் மெழுகுவர்த்தி அவ்வளவு செய்யாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் ஒவ்வொன்று ஏற்றினால்?

பேட்டரி விளக்கு கொண்டுவாருங்கள். பூ வைக்கிறீர்களா, வையுங்கள். திரும்பும்போது கையோடு எடுத்துப் போங்கள். கண்ணை மூடிச் சும்மா உட்கார்ந்திருந்தாலும் சரி, யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

பதினொரு கிண்ணங்களையும் பையில் போட்டு எடுத்து வந்துவிட்டேன். கரியைத் தொடவில்லை. துணியால் துடைத்தால் கல்லுக்குள் இன்னும் ஏறிவிடும்.

இப்படிக்கு,
ஸ்விண்டனிலிருந்து அடிக்கடி வந்துபோகும் ஒருவன்