திறக்காத கல்லறை பற்றி மகளுக்கு

அன்புள்ள மகளே,

"சுடுமண் வீரர்களைத் தோண்டி எடுத்து ஐம்பது வருஷம் ஆயிடுச்சு. சீனாவோட முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங் கல்லறையை மட்டும் ஏன் இன்னும் திறக்காம வெச்சிருக்காங்க? பயமா, சோம்பலா?" என்று கேட்டிருந்தாய். பயம்தான் அம்மா. ஆனால் நீ வீடியோவில் பார்த்த பாதரச ஆற்றுக்கும் தானாக அம்பு எய்யும் பொறிக்கும் யாரும் அவ்வளவாகப் பயப்படவில்லை. அவை பழைய சீன வரலாற்றாசிரியர் சீமா சியான் எழுதிய வரலாற்றில் இருப்பவை. கல்லறைமேல் உள்ள மேட்டு மண்ணைச் சோதித்தபோது பாதரசம் வழக்கத்தைவிட அதிகமாக இருந்ததும் உண்மை. அகழாய்வுத் தொழிலில் இருப்பவர்கள் பயப்படுவது உள்ளே போகப்போகும் சாதாரணக் காற்றுக்கு.

அந்தப் பேரரசரின் கல்லறைக்காகப் புதைத்த சுடுமண் வீரர் சிலைகளையே எடுத்துக்கொள். 1974 மார்ச்சில் சீ'ஆனுக்குக் கிழக்கே கிணறு வெட்டிய விவசாயிகள் கையில் அகப்பட்டவர்கள். இன்று படத்தில் பார்த்தால் எல்லோரும் சாம்பலும் மண்ணும் கலந்த நிறம். செய்தபோது அப்படி இல்லை: முகத்துக்கு இளஞ்சிவப்பு, சட்டைக்குப் பச்சை, சிவப்பு, நீலம், ஊதா. சுட்ட களிமண்மேல் முதலில் ஒரு வகை மரத்துப் பாலில் செய்த அரக்கை ஒன்றிரண்டு பூச்சுப் பூசி, அதன்மேல்தான் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். சிக்கல் அந்த அரக்கில்தான். 2,200 வருஷம் ஈர மண்ணில் ஊறிக் கிடந்த பூச்சு, காற்றுப் பட்டதும் தன்னிடமுள்ள நீரை இழக்கிறது, இழந்ததும் சுருங்குகிறது, சுருங்கியதும் ஓரம் சுருண்டு களிமண்ணை விட்டுப் பெயர்கிறது. மேலே இருந்த வண்ணமும் கூடவே போய்விடும். இதெல்லாம் நடக்கச் சில நிமிடம் போதும். பல இடங்களில் வண்ணம் சிலையைவிடச் சுற்றியிருந்த மண்ணோடுதான் இறுக்கமாக ஒட்டியிருந்தது. மண் கட்டியைத் தட்டி எடுத்தால் முகத்தின் நிறமும் கட்டியோடு வந்துவிடும். முதல் வருஷங்களில் எடுத்த சிலைகள் பெரும்பாலும் இப்படித்தான் நிறம் இழந்தன.

வேதியியலாளர்கள் வழி கண்டுபிடிக்க இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. மண்ணை முழுதாகத் துடைக்காமல் மெல்லிய படலமாக விட்டுவைக்க வேண்டும். வெளியே தெரியும் இடத்தை உடனே ஈரப்படுத்திப் பிளாஸ்டிக் தாளால் மூட வேண்டும். பிறகு பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற, எளிதில் ஆவியாகாத திரவத்தைக் குறைந்த அடர்த்தியில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றி ஊட்ட வேண்டும். அரக்குக்குள் இருக்கும் நீரின் இடத்தை அது மெல்லப் பிடித்துக்கொள்ளும். கூடவே ஒரு பசை, அரக்கைக் களிமண்ணோடு சேர்த்துப் பிடிக்கும். கடைசியில்தான் மண்ணைச் சுரண்டுவது. அவசரப்பட்டு அடர்த்தியான திரவத்தை முதலிலேயே ஊற்றினால் உள்ளிருக்கும் நீர் வெளியேறும் வேகத்துக்கு அது நுழையாது; அரக்கு சுருங்கத்தான் செய்யும்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்த, வயிற்றெரிச்சலான கதை. 1972-ல் சாங்ஷா அருகே மவாங்துயியில் ஹான் காலத்துச் சீமாட்டி ஒருத்தியின் கல்லறையைத் திறந்தார்கள். பெட்டிகளைச் சுற்றிச் சுமார் 5 டன் கரி, அதற்கு வெளியே ஒரு மீட்டருக்கு மேல் வெள்ளைக் களிமண். காற்று புகாத அந்தக் கட்டுக்குள் 2,100 வருஷம் கழித்தும் உடலின் தோல் மென்மையாக இருந்தது. வயிற்றுக்குடலில் முலாம்பழ விதைகள்கூட அப்படியே இருந்தன. ஓர் அரக்குப் பாத்திரத்தைத் திறந்தால் நீரில் தாமரைக் கிழங்கு வில்லைகள், ஓட்டை ஓட்டையாக, நேற்று அரிந்தது போல மிதந்தன. பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனதும் ஆட்டத்தில் எல்லாம் கரைந்து குழம்பாகிவிட்டது. நார் எல்லாம் எப்போதோ போய், வடிவம் மட்டும் நின்றிருந்தது. அதற்கு முன் எடுத்த புகைப்படம்தான் இன்று மிச்சம்.

உன் கேள்விக்கு நேரான பதில் வேண்டுமானால் அது திங்லிங். மிங் பேரரசர் வான்லியின் கல்லறை. 1956-லிருந்து 1958 வரை தோண்டினார்கள். உள்ளே அரசரோடு இரண்டு அரசிகள், ஆயிரக்கணக்கான பொருட்கள், பட்டு மூட்டை மூட்டையாக. வெளியே வந்த பட்டு விறைத்து, நிறம் மங்கி, மடிப்பிலேயே நொறுங்கியது. வைத்த இடமும் சரியில்லை, பூசிய மருந்தும் சரியில்லை. 1966-ல் கலாசாரப் புரட்சிக்காரர்கள் அரசரின் எலும்பையும் இழுத்துப் போட்டு எரித்தார்கள். அதற்குப் பிறகு, அழியும் ஆபத்து இல்லாத பேரரசர் கல்லறையைத் தேடிப் போய்த் திறப்பதில்லை என்பது சீனத்தில் நடைமுறையாகிவிட்டது. சின் கல்லறையைத் தொடாமல் வைத்திருப்பது இந்தப் பாடத்தால்தான்.

நீ நினைப்பாய், மண்ணுக்குள்ளும் அழியத்தானே செய்யும் என்று. அழியும், ஆனால் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே. ஆக்ஸிஜன் தீர்ந்து, ஈரம் ஒரே அளவில் நின்றுவிட்டால் சிதைவு ஏறக்குறைய நின்றுபோகும். மிஞ்சியது அந்த இடத்துக்குப் பழகிவிடும். நாம் அதைப் புது இடத்துக்குக் கொண்டுவரும் நாளில் கடிகாரம் மறுபடி ஓடத் தொடங்குகிறது.

இதை முழுதாகப் பார்க்க ஸ்வீடனின் வாசா கப்பலைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1628 ஆகஸ்ட் 10 அன்று முதல் பயணத்தில், சுமார் 1,300 மீட்டர் போனதும் ஸ்டாக்ஹோம் துறைமுகத்திலேயே சாய்ந்து மூழ்கியது. மேல்பாரம் அதிகம், அடிப்பாரம் போதவில்லை. (கப்பலுக்குள் தச்சர்களின் அளவுகோல்கள் கிடைத்தன. சிலவற்றில் 12 அங்குல ஸ்வீடன் அடி, சிலவற்றில் 11 அங்குல ஆம்ஸ்டர்டாம் அடி. கப்பலின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இல்லாததற்கு இதுவும் காரணமாம்.) பால்டிக் கடலில் உப்புக் குறைவு, மரத்தைத் துளைக்கும் கப்பல் புழு அங்கே வாழாது. அதனால் 1961 ஏப்ரல் 24 அன்று தூக்கியபோது கப்பல் ஏறக்குறைய முழுசாக வந்தது.

கஷ்டம் அதன்பின்தான் தொடங்கியது. நீரில் ஊறிய பழைய மரம் பார்க்கத் திடமாக இருக்கும். செல் சுவரைப் பாக்டீரியா அரித்திருக்கும், உள்ளே நீர்தான் முட்டுக்கொடுத்து நிற்கும். நீர் காயும்போது அதன் பரப்பு இழுவிசை செல்களை உள்ளே இழுத்து நசுக்கும்; பலகை சுருங்கி வெடிக்கும். ஆகவே அதே பாலிஎத்திலீன் கிளைக்காலை நீரில் கரைத்து, 1962-லிருந்து 1979 வரை, 17 வருஷம் கப்பல்மேல் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு ஒன்பது வருஷம் மெதுவாகக் காயவிட்டார்கள்.

முடிந்தது என்று நினைத்திருக்க, 2000-ம் வருஷத்து மழைக் கோடையில் பலகைகளில் வெள்ளையும் மஞ்சளுமாக உப்புப் பூத்தது. நகரக் கழிவு கலந்த அழுக்கு நீரில் 333 வருஷம் கிடந்தபோது மரம் கந்தகத்தை உறிஞ்சியிருக்கிறது. துருப்பிடித்த ஆணிகளிலிருந்து இரும்பும் இறங்கியிருக்கிறது. காற்றும் ஈரமும் சேர்ந்ததும், இரும்பு வினையைத் தூண்டும் ஊக்கியாக நின்று, கந்தகம் கந்தக அமிலமாக மாறிவிட்டது. நனைந்த உடையோடு வந்த பார்வையாளர் கூட்டத்தால் அருங்காட்சியகக் கூடத்தின் ஈரப்பதம் ஏறியது தூண்டுகோல். குளிர்சாதன அமைப்பை மாற்றி, 5,000-க்கும் மேற்பட்ட இரும்பு ஆணிகளைப் பிடுங்கித் துருவேறா எஃகு ஆணி போட்டார்கள். கப்பலை எடுத்தவர்கள் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 1961-ல் கந்தகம் பற்றி யாருக்கு என்ன தெரியும்?

காத்திருந்தால் பலன் உண்டு என்பதற்கு இத்தாலியின் பழைய ஊரான ஹெர்குலேனியத்தின் சுருள்கள். வெசுவியஸ் எரிமலை கி.பி. 79-ல் கரியாக்கிய பாப்பிரஸ் (நாணல் தாள்) நூலகம், 1752-ல் கிடைத்தது. விறகுக்கரி என்று நினைத்துச் சிலவற்றைத் தூக்கி எறிந்தார்கள், கத்தியால் பிளந்தார்கள், பாதரசம் ஊற்றினார்கள். திறக்காமல் தப்பிய சில சுருள்களை இப்போது எக்ஸ்-கதிர் வருடலில் அடுக்கடுக்காகப் படம் எடுக்கிறார்கள். மையும் கரி, தாளும் கரி என்பதால் படத்தில் எழுத்து தனியாகத் தெரியாது. மை காய்ந்த இடத்தில் மட்டும் சேற்று வெடிப்புப் போல நுண்ணிய பிளவு இருக்கும். அதைக் கணினிக்குப் பழக்கிக் கொடுத்து, 2023-ல் ஒரு முழுச் சொல்லைப் படித்தார்கள்: கிரேக்கத்தில் 'ஊதா'. அடுத்த சில மாதங்களில் அதே சுருளில் 2,000-க்கும் மேற்பட்ட எழுத்துகள். கத்தி பட்டிருந்தால் இது கிடைத்திருக்காது.

எப்போதும் காத்திருக்கவும் முடியாது. ஆல்ப்ஸ் மலையில் பனி உருகி 1991-ல் வெளியே தெரிந்த ஓட்ஸி, 5,300 வருஷத்து மனிதன், அப்படியே விட்டால் சில வாரத்தில் அழுகியிருப்பான். சமீபத்தில் இறந்த மலையேறி என்று நினைத்துக் காற்றழுத்தத் துளைப்பானால் பனியை உடைத்தார்கள். இடுப்பு சிதைந்தது, வில் முறிந்தது. இப்போது மைனஸ் 6 பாகையில், 99 சதவீத ஈரப்பதத்தில் வைத்திருக்கிறார்கள். தோளுக்குள் இருந்த அம்பு முனை பத்து வருஷம் கழித்து, 2001-ல் எடுத்த எக்ஸ்-கதிர்ப் படத்தில்தான் தெரிந்தது.

திறந்துதான் ஆக வேண்டும் என்றால் எப்படி என்பதற்கு ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஹோவர்ட் கார்ட்டர். எகிப்திய அரசர் துட்டன்காமன் கல்லறையில் மணி கோத்த செருப்பு ஒன்று. நூல் எல்லாம் மக்கிவிட்டது. தொட்டால் கையில் வெறும் மணிகள் உதிரும். கார்ட்டர் அங்கேயே அடுப்பு வைத்துப் பாரஃபின் மெழுகை உருக்கி ஊற்றி, ஓரிரு மணி நேரம் ஆறவிட்டு, முழுச் செருப்பாகத் தூக்கினார். ஒவ்வொரு பொருளுக்கும் எண் அட்டை, அட்டையோடு ஒரு படம், அட்டையில்லாமல் ஒரு படம், வரைபடம், பிறகுதான் கை வைப்பது. அவரும் தவறினார்: பிணப்பெட்டியில் ஊற்றியிருந்த பிசின் இறுகிப்போக, மம்மியைத் துண்டு துண்டாக வெட்டித்தான் வெளியே எடுத்தார்.

அந்தக் கல்லறை நாலே நாலு சின்ன அறை, பொருட்கள் 5,398. வேலை முடியப் பத்து வருஷம் ஆனது. சின் ஷி ஹுவாங்கின் கல்லறை வளாகம் சுமார் 56 சதுர கிலோமீட்டர்.

அன்புடன்,
அப்பா