இரவில் யார் விழித்திருப்பது?

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்பின் சிநேகிதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் பல்கலைக்கழகம் போகத் தொடங்கிவிட்டாள் என்று வாசித்ததும் மனம் நிறைந்துபோனது. அம்மாவுக்கு முழங்கால் நோ குறைந்ததா? இங்கே மாரி முடிந்து பனி தொடங்கிவிட்டது. என் மகன் தம்பிக்குச் சளி பிடிக்கும் காலம்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். தம்பிக்குத் தொண்டையில் துளை போட்டு ரியூப் வைத்து, மூச்சுக் கொடுக்கும் மெஷினான வென்ரிலேற்றரோடு வீட்டுக்குக் கூட்டிவருவது என்று முடிவெடுத்துவிட்டோம். இரவில் மட்டும் முகமூடி மெஷின் போட்டவன், இப்போது பகலிலும் பாதி நேரம் அதோடுதான். மூக்குத்தண்டில் புண். தசையை இயக்கும் நரம்புகள் செத்துப்போகும் இந்த எஸ்.எம்.ஏ. நோய், இருமும் பலத்தையும் எடுத்துவிட்டது. அறிவுக்கு ஒரு குறையும் இல்லை. போன மாரியில் நிமோனியா வந்து ஐ.சி.யூவில் ரியூப் போட்டு எடுத்தபோது, "அடுத்த முறை கழற்ற ஏலாமல் போகலாம், இப்பவே யோசித்து வையுங்கோ" என்றார் டொக்டர். மூச்சு முட்டும் நேரத்தில் கையெழுத்துக் கேட்காமல் அப்போதே சொன்னாரே, அது பெரிய உதவி.

நீ எழுதிய மருந்தைப் பற்றியும் விசாரித்தேன். முதுகுத்தண்டில் போடும் ஊசிக்கு அமெரிக்காவில் 2016இல் அனுமதி கிடைத்தது. வாயால் குடிக்கும் மருந்து 2020இல் வந்தது. நோய் கூடாமல் தடுக்க அவை உதவும், ஆனால் செத்துப்போன நரம்பை மீட்டுத் தராது. விலையும் எங்களுக்கு எட்டாது.

டொக்டரிடம் நான் முதலில் கேட்டது, இரவில் யார் விழித்திருப்பது என்றுதான். ரியூப் போட்டபின் அவன் என்னைச் சத்தம் வைத்துக் கூப்பிட முடியாமல் போகலாம். சளி அடைத்தால் சில நிமிடம்தான் அவகாசம். இவர் முன்னிரவு, நான் பின்னிரவு, தங்கச்சி இடைக்கிடை என்று பேசி வைத்திருக்கிறோம். அப்படி ஆள் இல்லாதிருந்தால் முகமூடியோடேயே வைத்துக்கொண்டு, திணறல் தெரியாமல் மருந்து கொடுக்கும் வழியைத்தான் கேட்டிருப்பேன். டொக்டர் அதையும் ஆறுதலாக விளக்கினார். அந்த வழியைத் தேர்ந்தெடுக்கும் தாய்மாரும் பிள்ளையை நேசித்துத்தான் செய்கிறார்கள். மாமி "கழுத்தை வெட்டிப் பிள்ளையை வருத்தாதேங்கோ" என்று அழுதா. அவவிலும் எனக்குக் கோபமில்லை.

கடைசியில் தம்பியிடமே கேட்டோம். "கதைக்க ஏலுமோ?" என்றான். ரியூப்பைச் சுற்றிக் காற்று மேலே போனால் குரல் வரும், அதற்கென்று ஒரு வால்வும் உண்டு, ஆனால் எல்லாருக்கும் ஒத்துவராது என்று டொக்டர் மறைக்காமல் சொன்னார். கன நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "முகமூடி இல்லாட்டில் கண்ணாடி போட்டு மச் பாக்கலாம் என்ன?" என்றான். அவன் கணக்கு அது. எனக்கு அது போதுமாக இருந்தது.

இப்போது ரியூப்பிலிருந்து சளியை உறிஞ்சி எடுக்கும் சக்சனைப் பொம்மையில் பழகுகிறோம். சக்சன் குழாயில் அடையாளம் போட்டிருக்கும். ரியூப்பின் நுனி வரைக்கும்தான் அதை உள்ளே விடலாம், அதற்குமேல் போனால் புண்படும். பெருவிரலால் சக்சன் குழாயின் ஓட்டையை மூடி, இழுத்துக்கொண்டே வெளியே எடுக்க வேண்டும். "நீங்களும் மூச்சைப் பிடியுங்கோ அக்கா, உங்களுக்கு முட்டினால் பிள்ளைக்கும் முட்டும்" என்று தாதி சொல்லித் தந்தா. முதல் நாள் என் கை நடுங்கியது. இவர்தான் நிதானமாகச் செய்தார். கட்டிலடியில் அதே அளவில் ஒரு ரியூப், ஒரு அளவு சின்னதாய் இன்னொன்று, கையால் அமுக்கிக் காற்றுக் கொடுக்கும் பை, எல்லாம் எப்போதும் இருக்க வேண்டுமாம். 1990 நம்பருக்கு அடித்துக் கூப்பிடும் அம்புலன்ஸ் வரும்வரைக்கும் நாங்கள்தானே.

கரண்டை நினைத்தால்தான் பயம். 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வெட்டியது நினைவிருக்கும். மெஷினின் உள் பற்றரி சில மணித்தியாலம்தான் தாங்கும். அண்ணா இன்வேட்டர் வாங்கித் தருகிறான், அதனால் நீ காசு அனுப்பாதே. சக்சன் மெஷினுக்கும் கரண்ட் வேண்டும். காலால் மிதிக்கும் ஒன்றையும் தேடுகிறோம், அங்கே கிடைத்தால் பார்த்துச் சொல்.

ஆவணியில் நல்லூருக்கு வருவதாக எழுதியிருந்தாய். கட்டாயம் வா, எங்களோடு தங்கு. கொஞ்சம் முந்தியே வந்தால் தாதியிடம் நீயும் சக்சன் பழகலாம். தேரன்று விடியற்காலை நீயும் தங்கச்சியும் தம்பியோடு இருந்தால், நானும் இவரும் ஒன்றாகக் கோயிலுக்குப் போய்வருவோம்.

அன்புடன்,
உன் சிநேகிதி